இரத்தம் கொடுத்தவர்களும் கேள்வி கேட்டவர்களும்
எச்.ஐ.வி ஆய்வுகள் பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

எச்.ஐ.வி தடுப்புப் பற்றிய ஆய்வுகளில் விளிம்புநிலை மக்கள் இல்லாமல் ஒரு பக்கமும் நகர்வதில்லை. பாலியல் தொழிலாளர், ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசிமூலம் போதைப்பொருள் ஏற்றுவோர், புலம்பெயர்ந்தோர் எனப் பட்டியல் நீளும். இவர்கள் அங்கே என்னவாக இருக்கிறார்கள்? எண்ணப்படும் பொருளாகவா, கேள்வியை வகுப்பவர்களாகவா? இதை வெறும் ஆய்வு நாகரிகம் பற்றிய பிரச்சினையாகப் பார்ப்பது தவறு. தடுப்பு முயற்சி வெல்வதும் தோற்பதும் பெருமளவு இதிலேயே தங்கியிருக்கிறது.

தமிழ்ச் சூழலில் இந்தக் கதை 1986இல் சென்னையில் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சொலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி தனது ஆய்வேட்டுக்காக இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பொலிசாரால் பிடிக்கப்பட்டு இல்லமொன்றில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரின் இரத்தம் அது. வேலூரில் நடந்த பரிசோதனையில் ஆறு பெண்களுக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி தொற்று இதுவே. "இது மேலைநாட்டு நோய், எங்கள் ஒழுக்கம் எங்களைக் காக்கும்" என்று பேசிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தில் இந்த இரு பெண்களும் செய்தது பெருந்துணிச்சலான காரியம்.

ஆனால் இரத்தம் கொடுத்த பெண்களுக்கு அது எதற்காக எடுக்கப்படுகிறது என்பது சொல்லப்படவில்லை. வழமையான பாலியல் நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்ததாக நிர்மலா பின்னாளில் ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கிறார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனது நோக்கமன்று. அடைக்கப்பட்டவளிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று எந்த நிறுவனத்திடமும் இருக்கவில்லை. அதன் விளைவுதான் முக்கியமானது. அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தொற்று உறுதியான பெண்கள், தொற்றையே காரணமாகக் காட்டி இல்லங்களில் தொடர்ந்து அடைத்துவைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் சென்ற பிறகே, 1990இல், அவர்கள் வெளியே வந்தனர். ஆய்வு ஓர் உண்மையைக் கண்டது. அரசு அந்த உண்மையைப் பூட்டாக மாற்றியது. பூட்டுக்குப் பயந்தவர் பரிசோதனைக்கு வருவாரா? ஒளிந்துகொள்வார். தொற்றும் அவருடன் சேர்ந்து ஒளிந்துகொள்ளும்.

இதற்கு நேர்மாறான அனுபவம் கல்கத்தாவின் சோனாகாச்சியில் கிடைத்தது. 1992இல் வைத்தியர் ஸ்மரஜித் ஜனா அங்கு ஒரு கணக்கெடுப்புடன் தொடங்கிய திட்டம், பாலியல் தொழிலாளரையே சுகாதாரப் பணியாளராக்கியது. அந்தப் பெண்கள் ஆணுறை பற்றி மட்டும் பேசவில்லை. பொலிஸ் தொல்லை, கந்துவட்டி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகியவற்றையும் முன்வைத்தனர். 1995இல் தமக்கெனத் தர்பார் என்ற அமைப்பையும், ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் உருவாக்கினர். கடன்காரனுக்குப் பயந்திருக்கும் பெண், ஆணுறை மறுக்கும் வாடிக்கையாளனைத் திருப்பி அனுப்ப முடியாது. மருத்துவப் பாடநூலில் இல்லாத இந்த அறிவு எண்ணப்பட்டவர்களிடமிருந்தே வந்தது.

நாம் வாழும் நியூசிலாந்து இந்த விடயத்தில் பெருமைப்படக் கூடிய நாடு என்பதில் ஐயமில்லை. ஆண்களுக்கிடையிலான உறவு 1986இல் இங்கு குற்றமற்றதாக்கப்பட்டது. 1987இல் பாலியல் தொழிலாளர் தமக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினர். 1988இல் நாடளாவிய ஊசிப் பரிமாற்றத் திட்டம் வந்தது. 2003இல் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில், 60க்கு 59 என, பாலியல் தொழில் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் விளைவை ஆராய்ந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 772 தொழிலாளர் பங்குகொண்டனர். மேற்படி கூட்டமைப்பு அந்த ஆய்வின் பங்காளியாக இருந்தது. தொழிலாளரும் கேள்வி கேட்கும் பக்கத்தில் அமர்ந்தனர்.

அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பாருங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் இத்தொழிலில் ஈடுபட்டால் நாடுகடத்தப்படலாம் என்கிறது அது. ஆட்கடத்தலைத் தடுக்கவே இப்பிரிவு என்பார்கள். நடைமுறையில் நடப்பது வேறு. அடிபட்ட பெண் பொலிசுக்குப் போக அஞ்சுவாள். ஆய்வாளரிடமும் தாதியிடமும் உண்மை சொல்ல அஞ்சுவாள். உள்ளூர்த் தொழிலாளிக்குத் திறந்த கதவு குடிபெயர்ந்தவளின் முகத்தில் சாத்தப்பட்டிருக்கிறது. பாலியல் தொழிலாளர் கூட்டமைப்பே இப்பிரிவை நீக்கக் கோரி வருகிறது. அகதிகளாகிய நாங்கள் இதுபற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறோமா?

அடுத்தது எண்ணும் முறை பற்றியது. ஊரில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் வினாக்கொத்துத் தயாரிக்க மாணவருக்குக் கற்பித்தவன் நான். ஒருவரை எந்தப் பெட்டிக்குள் போடுகிறோம் என்பது பாதி விடையைத் தீர்மானித்துவிடும். 2002 முதல் ஒக்லாந்தில் தன்பாலீர்ப்பு ஆண்களிடையே நடத்தப்பட்ட பாலியல் நலக் கணக்கெடுப்புகள் பெறுமதியானவை. ஆனால் அவற்றில் நாம் "ஆசியர்" என்ற ஒற்றைப் பெட்டிக்குள் இருக்கிறோம். சீனரும் கொரியரும் பிலிப்பீனியரும் பஞ்சாபியரும் ஈழத்தமிழரும் அங்கே ஒருவரே. இலங்கையில் 365அ பிரிவின் கீழ், 1995இன் திருத்தத்திற்குப் பின் பெண்களும் உட்பட, குற்றவாளியாக்கப்பட்ட அச்சத்துடன் இங்கு வந்த ஒருவரின் தயக்கத்தை அந்தப் பெட்டி காட்டாது.

குடிவரவு விதிகளிலும் இப்படியோர் அச்சம் இருந்தது. அதிக மருத்துவச் செலவு தரும் நோய்களின் பட்டியலில் எச்.ஐ.வியும் இருந்தது, 2021 ஒக்டோபரில்தான் நீக்கப்பட்டது. விதி மாறிய செய்தி எத்தனை தமிழ் வீடுகளுக்குப் போயிருக்கும்? தென் ஒக்லாந்தில் நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில், இயந்திரத்துக்குள் கை அகப்படாதிருக்க ஐந்து மொழிகளில் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். கை உற்பத்திக்குத் தேவை. உடலின் மற்றப் பகுதிகளுக்கு ஒரு மொழியுமில்லை.

நண்பர்கள் இரண்டு ஆட்சேபங்களை எழுப்புவதுண்டு. போரில் இத்தனை இழந்த சமூகத்துக்கு இதுவா முதற்பிரச்சினை என்பது ஒன்று. போரும் இடப்பெயர்வும்தான் குடும்பங்களைப் பிரித்து, மனிதரை ஆண்டுக்கணக்கில் தனியறைகளில் வைத்தன. இதுவும் போரின் கணக்கிலேயே சேரும். இதை வெளியே பேசினால் இனவாதிகள் பயன்படுத்துவார்கள் என்பது மற்றது. அது கற்பனையான பயமல்ல. வந்தேறிகள் நோய் கொண்டுவருகிறார்கள் என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் நாம் மௌனமாயிருந்தால் அந்தப் பேச்சு நிற்கப்போவதில்லை. நமக்குள் தனித்திருக்கும் ஒருவர் மேலும் தனிமைப்படுவார். சிகிச்சைக்குப் பிந்தி வருவார். ஒழுங்காக மருந்தெடுத்து இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழி தொற்றுப் பரவாது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. இதை அறியாமலே ஒரு மனிதர் தன் வாழ்க்கையை முடிந்ததாகக் கருதிக்கொண்டிருந்தால், அதில் எமது மௌனத்துக்கும் பங்குண்டு.

எனவே ஆய்வாளர் எவரும் எமது சங்கங்களின் கதவைத் தட்டும்போது தலையாட்டாமல் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். வினாக்கொத்தை வகுத்தவர்களில் எம்மவர் உண்டா? முடிவு தமிழில் எம்மிடம் திரும்பி வருமா? பெயர் வெளிவந்தால் பொறுப்பு யாருடையது? மொழிபெயர்ப்பாளர் யார்? கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். சில ஆயிரம் பேருள்ள சமூகத்தில், வைத்தியரின் அறையில் உங்களருகே அமரும் மொழிபெயர்ப்பாளரை வெள்ளிக்கிழமை கோயிலில் மறுபடி காண்பீர்கள். வேறு நகரத்திலிருந்து, பெயர் கேட்காமல், தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வசதியைக் கோருவது ஆடம்பரமல்ல.

சங்கங்களும் பதில் சொல்ல வேண்டும். எமது கூட்டங்களில் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வைத்தியரை அழைக்கிறோம். பாலியல் நலத்துக்கு அழைத்ததுண்டா? விளிம்புநிலை என்ற சொல்லை இந்த ஏட்டின் பக்கங்களில் நாம் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். எமது விளிம்பில் நிற்பவர் இந்த ஏட்டைக் கையில் எடுத்தால், தன்னைப் பற்றி, தனக்குப் பயன்படும் ஒரு பக்கத்தையாவது காணவேண்டும். இதில் உடன்படாத வாசகர்கள் எழுதுங்கள், விவாதிப்போம்.