முட்டை மிதக்கும் மட்டம்

வாளியில் பத்து லிட்டர் தண்ணீர். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார் மூத்த வேளாண் ஆசிரியர். அடியில் கிடந்த முட்டை மெல்ல எழும்பி மேலே வந்தது. "இருபத்தஞ்சு காசு அகலத்துக்கு முட்டை வெளியே தெரியணும். அப்புறம் நெல்லைக் கொட்டு. பதர் மிதக்கும், நல்ல விதை அடியில நிக்கும்." வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான ஆசிரியை குறிப்பெடுத்துக்கொண்டார். பின்னால் நின்ற ஒரு பையன் கேட்டான்: "இருபத்தஞ்சு காசு எவ்வளவு பெருசு சார்?"

2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போன காசு அது. கேட்டவன் அதைக் கையில் வாங்கியதே இல்லை.

மூத்தவர் புதியவரைக் கூடவே வைத்துப் பழக்கும் முறையை எடைபோட எனக்கு அந்த வாளியே போதுமானதாக இருக்கிறது. நானும் அப்படிப் பழகி வந்தவன்தான். 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அதில் விவசாயம் எடுத்த மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவர் பெரும்பாலும் பள்ளியில் ஒற்றை ஆள். கணக்கு ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் இன்னொரு கணக்கு ஆசிரியர் இருப்பார். இவருக்கு அது கிடையாது. நான்கு ஆண்டு வேளாண்மை படித்து, கிராமத்தில் தங்கிப் பயிற்சியும் முடித்து வருகிறவருக்குப் பயிர் தெரியும். நாற்பது பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி ஒரே மண்வெட்டியை வைத்துப் பாடம் நடத்தத் தெரியாது. அதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தருவதில்லை.

அடுத்த பள்ளியிலிருந்து வரும் மூத்தவர் அங்கேதான் உதவுகிறார். மண் மாதிரி எடுக்கும் செய்முறையைப் பாருங்கள். 'V' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி, பக்கவாட்டில் சீவி எடுத்த மண், நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவருவது எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. "பிள்ளைங்க முதுகுல வெயில் படற மாதிரி நிறுத்துங்கம்மா, கண்ணு கூசினா எவனும் குழியைப் பார்க்கமாட்டான்" என்பது அதில் இல்லை. வரப்போரத்திலும் மரத்தடியிலும் மண் எடுக்கக் கூடாது என்று ஒப்பிக்கவைப்பதற்குப் பதில், மரத்தடியில் ஒரு கை, நடுவயலில் ஒரு கை அள்ளி இரண்டையும் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்துவிடுவார். புதியவர் தவறு செய்தால் வகுப்பில் வாய் திறக்கமாட்டார். கை கழுவும் குழாயடியில் சொல்வார்.

பாட வரிசையும் அப்படித்தான். புத்தகம் அத்தியாயக் கணக்கில் நகரும். டெல்டாவில் வயல் மேட்டூர்த் தண்ணீரை நம்பி நகரும். பக்கத்து வயலில் நாற்றங்கால் விடும் வாரத்தில் விதைநேர்த்தியை நடத்தாமல், அறுவடை முடிந்த பிறகு கரும்பலகையில் படம் போட்டு என்ன பயன்? பாடங்களைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றிப்போடும் தைரியம் புதியவருக்குத் தானாக வராது. ஒரு மூத்தவர் செய்வதைப் பார்த்தால்தான் வரும்.

ஆனால் இதே வழியாகத் தவறும் பத்திரமாகக் கைமாறுகிறது. 2014-இல் ஒரு பள்ளியில் மாணவர் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினேன். பூச்சிக் கட்டுப்பாட்டில் எண்டோசல்பான் இருந்தது. உச்சநீதிமன்றம் அதைத் தடைசெய்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. மூத்தவரின் பழைய மாதிரி நோட்டைப் புதியவர் அப்படியே கொடுத்திருக்கிறார், பிள்ளைகள் அப்படியே எழுதியிருக்கிறார்கள். என்னால் இன்றும் ஆறமுடியாத விஷயம் இது. அந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டில் மருந்து அடிப்பவர்கள்.

திருந்திய நெல் சாகுபடி வந்தபோதும் இதே கதைதான். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று இளையவர் சொல்ல, "பச்சைப் பிள்ளையைப் பிடுங்கி நட்டா பிழைக்குமா?" என்று கேட்டே முடித்துவைத்த மூத்தவர்கள் உண்டு. இளையவர் மறுத்துப் பேசவில்லை. 'சார்' என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு 'அது பழசு சார்' என்று சொல்ல வரவில்லை. மரியாதை நல்லதுதான், அறிவு அதற்குள் அடங்கிப்போகும்போது எனக்குச் சம்மதமில்லை.

பழியை மூத்தவர்மீது மட்டும் போடவும் முடியாது. சனிக்கிழமையில் சொந்தச் செலவில் பஸ் ஏறி அடுத்த பள்ளிக்குப் போகிறவர் அவர். அவருக்குக் கால அட்டவணையில் ஒரு பாடவேளைகூட ஒதுக்குவதில்லை. புதிய பரிந்துரைகளைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ள அவருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? ஒருவரின் நல்ல மனசை மட்டும் நம்பி நடக்கும் ஏற்பாடு, அவர் ஓய்வுபெறும் நாளோடு நின்றுபோகிறது.

அந்த வாளிக்கு வருகிறேன். பையன் கேட்டதும் ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பத்து லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ உப்புன்னு எழுதிக்கலாமா சார்? காசு தேவைப்படாதே." மூத்தவர் யோசித்தார். கோபப்படவில்லை.

"எழுதுங்கம்மா. ஆனா முட்டையையும் விட்றாதீங்க. உப்பு நமத்துப்போயிருந்தா எடை ஏமாத்திடும், முட்டை காட்டிக்கொடுத்துடும்." பிறகு பையனிடம் திரும்பினார். "முட்டை புதுசா இருக்கணும்டா. பழசு வெறும் தண்ணியிலயே மிதக்கும்."

காசு, முட்டை என்று சொல்லிவந்தவர் ஏன் என்று சொன்னதை அன்றுதான் நான் முதல்முறை கேட்டேன். ஆசிரியை ஸ்கேலை வைத்து முட்டையின் வெளித்தெரிந்த பகுதியை அளந்தார். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். பிள்ளைகள் அதை ரெக்கார்டில் குறித்துக்கொண்டார்கள். அடியில் நின்ற நெல்லை மூன்று தண்ணீரில் அலசி, உப்பு போய்விட்டதா என்று மூத்தவர் ஒரு மணியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.