திருச்சி கிராண்ட் சோழாஸ்: பெயரில் உள்ள ஊர்

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) இருபது ஓவர் கிரிக்கெட் போட்டியில் திருச்சிராப்பள்ளியின் பெயரில் ஆடும் தொழில்முறை அணி திருச்சி கிராண்ட் சோழாஸ் ஆகும். இவ்வணி எத்தனை ஆட்டங்களில் வென்றது என்பதைவிட, இது எந்த அளவுக்குத் திருச்சியின் அணி என்பதே ஆராயத்தக்க கேள்வி.

தோற்றமும் பெயர்களும்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016ஆம் ஆண்டு எட்டு அணிகளுடன் இந்த லீக்கைத் தொடங்கியது. அந்த எட்டில் திருச்சி இல்லை. ரூபி காஞ்சி வாரியர்ஸ் என்ற பெயரில் முதல் பருவத்தில் ஆடிய அணியே பின்னர் ரூபி திருச்சி வாரியர்ஸ் ஆனது. 2023இல் பால்சி திருச்சி என்றும், 2024இல் திருச்சி கிராண்ட் சோழாஸ் என்றும் பெயர் மாறியது. பத்து ஆண்டுகளுக்குள் நான்கு பெயர்கள்.

இவற்றுள் கடைசிப் பெயரே ஊரோடு பொருந்துவது. முற்காலச் சோழரின் தலைநகரான உறையூர் இன்றைய திருச்சி மாநகரின் ஒரு பகுதி. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையும் அருகிலேயே உள்ளது. வணிகப் பெயர்களுக்குப் பிறகு, ஊரின் வரலாற்றைத் தொடும் பெயர் ஒன்று கிடைத்தது பாராட்டத்தக்கது.

ஆட்ட வரலாறு

அணியின் உச்சம் 2021. ராகில் ஷா தலைமையில் இறுதிப்போட்டி வரை சென்றது. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் முதலில் ஆடி 183 ஓட்டங்கள் எடுத்தது. அதில் ஜெகதீசன் மட்டும் 90. திருச்சி 175 ஓட்டங்கள் எடுத்து, 8 ஓட்டங்களில் கோப்பையை இழந்தது. 2023இல் வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை ஏலத்தில் எடுத்தும், ஏழு ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாமல் கடைசி இடத்தில் முடித்தது. 2025இல் மீண்டு முதல் நான்கு இடங்களுக்குள் வந்து, வெளியேற்றுச் சுற்றில் திண்டுக்கல் டிராகன்ஸிடம் தோற்றது.

குறை எங்கே?

2016 முதல் 2025 வரை லீக் ஆட்டங்கள் சென்னை, திண்டுக்கல், திருநெல்வேலி, கோவை, சேலம் ஆகிய இடங்களில் நடந்துள்ளன. திருச்சியில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. ஸ்ரீரங்கத்து மாணவன் ஒருவன் தன் ஊர் அணியை நேரில் பார்க்க, காவிரியைக் கடந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டுக்கல் பக்கம் போக வேண்டும். அங்கேயும் அது எதிரணி மைதானம்தான்.

இதற்கு அணியை மட்டும் குறை கூற முடியாது. மின்னொளி, தரமான ஆடுகளம், ஒளிபரப்பு வசதி ஆகியவை கொண்ட மைதானம் இல்லாமல் லீக் ஆட்டம் நடத்த இயலாது. ஆயினும் ஓர் ஊரின் பெயரைப் பயன்படுத்தும் அணி அவ்வூருக்குத் திருப்பித் தர வேண்டியது உண்டு.

அமெரிக்கக் கூடைப்பந்தில் இதற்கு ஒப்புமை உண்டு. ஏரிகள் நிறைந்த மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் 'லேக்கர்ஸ்' எனப் பெயர் பெற்ற அணி 1960இல் லாஸ் ஏஞ்சலீசுக்குப் பெயர்ந்தது. ஊர் மாறியது, பெயர் மாறவில்லை. 2008இல் சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் அணி ஓக்லஹோமா நகருக்குச் சென்றபோது, அணியின் பெயரும் வண்ணங்களும் சியாட்டிலுக்கே விடப்பட்டன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே ஆடிய அணி அது. அதனால்தான் அந்த இழப்பை ஊர் உணர்ந்தது. திருச்சி அணி நாளை வேறு ஊருக்குப் போனால் இங்கே எத்தனை பேர் வருந்துவார்கள்?

வருங்காலம்

மைதானம் அமையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பருவத்துக்கு முன் ஒரு வாரப் பயிற்சியைத் திருச்சியில் நடத்தலாம். மாவட்டக் கிரிக்கெட் சங்கத்துடன் சேர்ந்து உறையூர், ஸ்ரீரங்கம், லால்குடி, மணப்பாறைப் பள்ளி மாணவர்களுக்குத் தேர்வு முகாம் வைத்து, சிலரை வலைப்பயிற்சியில் பந்துவீச அழைக்கலாம். வீரர்கள் ஏலத்தில் வருவர், போவர்; உள்ளூர்ப் பையன் ஒருவன் அணியில் இருந்தால் அவன் தெருவே அணியின் பின்னால் நிற்கும். மாநகரில் லீக் தரத்துக்கு ஒரு மைதானம் வேண்டும் என்று சங்கத்திடம் முதலில் கேட்க வேண்டியதும் இந்த அணியே. கோப்பை வெல்லும் ஆண்டு எதுவாயினும், அதைக் கொண்டாட ஊர் திரள வேண்டுமானால் இந்த வேலைகள் அதற்கு முன்பே தொடங்கப்பட வேண்டும்.