கடமையல்லாததைக் கடமையாக்கியவர்

அரபு மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு அபுல் அலா அல்மஅர்ரியின் பெயர் புதிதன்று. ஆயினும் அவருடைய 'லுஸூமு மா லா யல்ஸம்' என்னும் கவிதை நூலை விரித்துப் பார்த்தவர் சிலரே. அவருடைய அகீதா குறித்து எழுந்த ஐயங்களே அதற்குக் காரணம். அவற்றுட் சில நியாயமானவை என்றே யானும் கருதுகிறேன். எனினும் இங்கு நாம் பேசப் புகுவது வேறொன்று.

ஹிஜ்ரி 363இல் (கி.பி. 973) சிரியாவின் மஅர்ரதுந் நுஃமானில் பிறந்த இவர், நான்கு வயதளவில் அம்மை நோயினால் பார்வை இழந்தார். கல்வி நாடிப் பக்தாத் சென்று, அங்கு நிலைக்க இயலாமல் திரும்பியபோது, ஊர் வந்து சேருமுன்பே தாயார் மறைந்துவிட்டார். அதன்பின் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை என முடிவு செய்துகொண்டார். குருடும் வீடுமாகிய இரு சிறைகளில் அடைபட்டவர் எனத் தமக்குப் பெயரும் சூட்டிக்கொண்டார்.

இதனைப் புலம்பல் என்பர் பலர். அன்பர்களே, சற்று உற்று நோக்குங்கள். முதற்சிறை கத்ரினால் நேர்ந்தது. இரண்டாவது அவரே கட்டியது. தாமே கட்டியதை முன்னதன் பக்கத்தில் வைத்தவுடன் முன்னதன் கொடுமையும் குறைந்துவிடுகிறது. சுமத்தப்பட்டதையும் தாம் ஏற்ற விரதம் போல நடத்தத் துணிந்தார். மனத்தில் நேர்ந்த மாற்றம் இவ்வளவே.

நூலின் பெயரும் அதையே சொல்கிறது: கட்டாயமல்லாததைக் கட்டாயமாக்குதல். அரபுக் கவிதையில் அடியின் இறுதி எழுத்து ஒன்றினால் காபியா அமைந்துவிடும். இவரோ அதற்கு முந்திய எழுத்தொன்றும் ஒத்துவர வேண்டும் என்றார். அகரவரிசை எழுத்துகள் அனைத்திலும் பாட வேண்டும் என்றார். ஒவ்வோர் எழுத்தையும் மூன்று ஹரகத்துகளோடும் ஸுகூனோடும் அமைக்க வேண்டும் என்றார். அடி எதுகை போதும் என்ற இடத்தில் திரிபந்தாதி பாடப் புகுந்த நம் புலவர்களை இது நினைவூட்டும்.

ஆனால் வாழ்க்கைக்கு உதவிய விதி கவிதைக்கு எப்போதும் உதவியதா? இல்லை என்பதே என் தீர்ப்பு. அரிய எழுத்துகள் வருமிடங்களில் சொல் முதலில் வந்து நிற்கிறது. பொருள் அதன் பின்னே தள்ளாடி வருகிறது. இளமையில் பாடிய 'ஸக்துஸ் ஸன்த்' தொகுப்பின் ஓட்டம் அங்கே இல்லை. (உரையாசிரியர்க்கு மட்டும் கொண்டாட்டம்!) மரணம் பற்றிப் பாடும் இடங்களிலோ விதியே மறைந்துபோகிறது, ஓசை நெஞ்சில் இறங்குகிறது.

வீட்டை விட்டு நீங்காதவரிடம் உலகம் வந்தது. 1047இல் அவ்வூரைக் கண்ட பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், இருநூறு பேருக்கு மேல் அவரிடம் இலக்கியம் பயில வந்திருந்ததாக எழுதிச் சென்றார்.

என் கண்களிலும் இப்போது புரை படர்ந்து வருகிறது. மாணவர் ஒருவர் வாசிக்க, இந்நூலைச் செவியால் கேட்கிறேன். அவர் காபியாவைப் பிழைபட ஓதினால், வீணென்று நான் எண்ணியிருந்த அந்த முன்னெழுத்தே உடனே காட்டிக் கொடுக்கிறது. ஏட்டைத் தடவிப் பார்க்க இயலாத ஒருவர், எழுத வந்தவர்க்குச் சொல்லிச் சொல்லியே இத்தனை பைத்துகளை எவ்வாறு காத்தார் என்பது சென்ற மாதம்தான் எனக்கு விளங்கியது.