ரெயின்மீட்டர்: நாமே எழுதிக்கொள்ளும் டெஸ்க்டாப்

விண்டோஸில் வால்பேப்பரை மாற்றலாம், டாஸ்க்பாரின் நிறத்தை மாற்றலாம். டெஸ்க்டாப்பின் தோற்றத்தில் நமக்குக் கிடைக்கும் சுதந்திரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். விஸ்டா காலத்தில் கடிகாரம், வானிலை என்று சின்னச் சின்ன கேட்ஜெட்கள் இருந்தன. பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதாகச் சொல்லி, 2012இல் அவற்றை முடக்கிவிடும்படி மைக்ரோசாஃப்ட்டே பயனர்களை எச்சரித்தது. விண்டோஸ் 11இல் வந்திருக்கும் விட்ஜெட் பலகையைத் திறந்தால்தான் பார்க்க முடியும். திறந்தால் வானிலையோடு, நாம் கேட்காத செய்திகளும் வந்து நிற்கின்றன.

டெஸ்க்டாப்பில் எது இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டுமானால், நான் பரிந்துரைப்பது ரெயின்மீட்டர். கிம்மோ பெக்கோலா 2001இல் தொடங்கிய இந்தச் சிறு மென்பொருளைப் பின்னர் ஒரு தன்னார்வலர் குழு வளர்த்தெடுத்தது. ஜிபிஎல் உரிமத்தில் வெளியாகும் திறமூல மென்பொருள் என்பதால் முழுக்க இலவசம். விளம்பரம் கிடையாது, கணக்கு தொடங்கச் சொல்லும் தொல்லையும் கிடையாது. இன்ஸ்டாலர் சில எம்பி மட்டுமே. கணினியில் நிறுவாமல் தனி ஃபோல்டரில் வைத்து இயக்கும் போர்ட்டபிள் வசதியும் உண்டு.

முதல் பார்வை

நிறுவியவுடன் இல்லஸ்ட்ரோ என்ற தொகுப்பு திரையில் வந்து உட்காரும். நேரம், சிபியுவும் ரேமும் எவ்வளவு பயன்படுகின்றன, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு கட்டமாக இருக்கும். இந்தக் கட்டங்களைத்தான் ஸ்கின் என்கிறார்கள். மவுஸால் பிடித்து வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். ரைட் கிளிக் செய்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும், மற்ற விண்டோக்களுக்கு மேலே நிற்க வேண்டுமா அடியில் இருக்க வேண்டுமா, இடத்தை விட்டு நகராமல் பூட்ட வேண்டுமா என்பதையெல்லாம் அங்கேயே மாற்றலாம். பிடித்த அமைப்பை லேஅவுட் என்று சேமித்துக்கொண்டால், வேலைக்கு ஒன்று ஓய்வுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவில் நிறுத்திக்கொண்டாலே பயன்தான். ஆனால் ரெயின்மீட்டரின் உண்மையான பெருமை அந்த ரைட் கிளிக் மெனுவில் இருக்கும் ‘எடிட்’ என்ற கட்டளையில் இருக்கிறது.

நோட்பேடில் திறக்கும் அழகு

ஒவ்வொரு ஸ்கின்னும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. ‘எடிட்’ கொடுத்தால் நோட்பேடில் திறந்துகொள்ளும். உள்ளே இரண்டு வகைப் பகுதிகள் முக்கியம். மெஷர் என்பது தகவலைக் கொண்டுவரும் பகுதி: நேரம், ரேம் அளவு, இணைய வேகம். மீட்டர் என்பது அதைத் திரையில் வரையும் பகுதி: எழுத்தாக, பட்டையாக, வரைபடமாக, கடிகார முள்ளாக. இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால், நிரலாக்கம் தெரியாதவர்களும் ஒரு ஸ்கின்னைப் படித்துப் புரிந்துகொள்ளலாம், மாற்றவும் செய்யலாம். எண்ணை மாற்றி, சேமித்து, ‘ரிஃப்ரெஷ்’ கொடுத்தால் மாற்றம் உடனே கண்முன் தெரியும். பிழை இருந்தால் லாக் பகுதி சொல்லிவிடும்.

தமிழர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பயன். ஆங்கில விண்டோஸை வைத்துக்கொண்டே கடிகார ஸ்கின்னில் கிழமையைத் தமிழில் வரவைக்கலாம். கிழமையைக் கொண்டுவரும் மெஷரில் ‘ஃபார்மேட் லொகேல்’ என்ற வரியைச் சேர்த்து, இந்தியத் தமிழுக்கான குறியீட்டைக் கொடுத்து, எழுத்துருவை விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யுஐ என்று மாற்றினால் போதும். ‘ரேம்’, ‘மிச்ச இடம்’ போன்ற பெயர்களை நாமே தமிழில் தட்டச்சு செய்ய விரும்பினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோப்பை யுடிஎஃப்-16 எல்இ குறிமுறையில் சேமிக்க வேண்டும். நோட்பேடின் ‘சேவ் ஆஸ்’ பெட்டியிலேயே அந்தத் தேர்வு இருக்கிறது. வழக்கமான யுடிஎஃப்-8இல் சேமித்தால் தமிழுக்குப் பதிலாகப் புரியாத குறிகள்தான் வரும். தமிழில் ஸ்கின் செய்ய நினைக்கும் மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சுமை எவ்வளவு?

கணினி மந்தமாகிவிடுமா என்பது பலருடைய கேள்வி. அதற்கான விடை ஸ்கின்னில்தான் இருக்கிறது. இயல்பாக ஒவ்வொரு ஸ்கின்னும் 1000 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கடிகாரம், டிஸ்க் அளவு போன்றவற்றால் பழைய லேப்டாப்பிலும் சுமை தெரிவதில்லை. பாட்டுக்கு ஏற்ப ஆடும் ஒலிப்பட்டைகள் அப்படியல்ல. அவை விநாடிக்குப் பல பத்து முறை திரையை வரைய வேண்டியவை, பேட்டரியையும் அதற்கேற்பக் குடிக்கும். விளையாடும்போது ஸ்கின்களைத் தானாகவே திரையிலிருந்து நீக்கிவைக்கும் கேம் மோட் வசதி இருப்பது நல்ல விஷயம்.

குறைகள்

முதல் குறை, மற்றவர்கள் எழுதி இணையத்தில் தரும் வானிலை ஸ்கின்கள். இவை வேறொரு நிறுவனத்தின் தகவலை நம்பி இயங்குபவை. யாஹூ தன் பழைய வானிலைச் சேவையை 2019 ஜனவரியில் நிறுத்தியபோது, அதை நம்பி எழுதப்பட்ட ஸ்கின்கள் எல்லாம் வெறும் கட்டங்களாயின. பழைய வானிலை ஸ்கின்னை இறக்குமுன், அது எங்கிருந்து தகவல் எடுக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, அளவு. பெரும்பாலான ஸ்கின்கள் பிக்சல் கணக்கில் எழுதப்பட்டவை. 4கே திரையில் அவை மிகச் சிறியவையாகத் தெரியலாம். ஆசிரியர் அளவை மாற்ற வழி வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் ஒவ்வொரு எண்ணையும் நாமே திருத்த வேண்டும்.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. ஸ்கின்களால் கணினியில் உள்ள பிற நிரல்களை இயக்க முடியும். ஸ்கின் தொகுப்புகளோடு டிஎல்எல் ப்ளகின்கள் எனப்படும் நிரல் கோப்புகளும் சேர்ந்து வரலாம். எனவே ஸ்கின்னை இறக்குவதையும் ஒரு மென்பொருளை நிறுவுவது போலவே கருத வேண்டும். முகம் தெரியாத இடத்திலிருந்து வந்ததை, படம் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நிறுவாதீர்கள். உரைக் கோப்பைத் திறந்து ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ப்ளகினை அப்படிப் படிக்க முடியாது என்பதால் அதற்கு இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

யாருக்கு?

டாஸ்க்பாரையோ ஐகான்களையோ அடியோடு மாற்ற நினைப்பவர்களுக்கு இது உரிய கருவி அல்ல. டெஸ்க்டாப் எப்போதும் விண்டோக்களால் மூடியே இருக்கும் என்பவர்களுக்கும் பெரிய பலன் இராது. விண்டோஸ் 7 முதல் 11 வரை எதை வைத்திருந்தாலும், திரையில் ஓர் ஓரம் காலியாக இருந்து, கொஞ்சம் ஆர்வமும் இருந்தால், தயங்காமல் நிறுவலாம்.

கணினி கற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இதைக் குறிப்பாகச் சொல்வேன். கோப்பைத் திறந்து ஒரு வரியைத் திருத்தினால் திரை மாறுகிறது என்பதை நேரில் பார்ப்பதைவிட நல்ல தொடக்கப் பாடம் அரிது. மற்றவர்கள் செய்த பத்து ஸ்கின்களை அடுக்கிவைப்பதற்குப் பதில், இல்லஸ்ட்ரோவின் கடிகாரத்தை எடுத்து, எழுத்துருவையும் நிறத்தையும் மொழியையும் உங்கள் விருப்பப்படி மாற்றிப் பாருங்கள். ரெயின்மீட்டரை நிறுவியதற்கு முழுப் பலன் அப்போதுதான் கிடைக்கும்.