கூட்டத்தில் கேட்ட கேள்வி எங்கே போகிறது?

முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 1993இல் ஹேக் நகரில் அமைத்தது. கொலைகள் பெரும்பாலும் நடந்தது பாஸ்னியாவில், விசாரணை நெதர்லாந்தில், அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். பாதிக்கப்பட்ட மக்களிடம் போய் விளக்குவதற்கென்று ஒரு பிரிவு 1999இல்தான் வந்தது. அதற்குள் நீதிமன்றத்தைப் பற்றி உள்ளூர் அரசியல்வாதிகள் சொன்னதே பலருக்கு உண்மையாகிவிட்டிருந்தது. பிறகு எத்தனை துண்டறிக்கை அச்சடித்தும் அந்த ஆறு ஆண்டுகளை ஈடுகட்ட முடியவில்லை.

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தது சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம். 2002இல் உருவான அது, குற்றம் நடந்த நாட்டின் தலைநகரான ஃப்ரீடவுனிலேயே இயங்கியது. முதல் தலைமை வழக்குத் தொடுநர் டேவிட் கிரேன், 2003 மார்ச்சில் முதல் குற்றப்பத்திரிகைகள் வருவதற்கு முன்பே மாவட்டங்களுக்குப் போய்க் கூட்டம் கூட்டி மக்கள் பேசுவதைக் கேட்டார். பிண்டா மன்சரேயின் பொறுப்பில் வளர்ந்த மக்கள் தொடர்புப் பிரிவு, உள்ளூர்க்காரர்களையே மாவட்டப் பணியாளர்களாக வைத்துக்கொண்டது. எழுத்தறிவு குறைந்த நாடு என்பதால் வானொலியும், விசாரணைக் காட்சிகளைச் சுருக்கி ஊர் ஊராகத் திரையிடுவதும் முக்கியக் கருவிகளாயின. கிரியோ, மெண்டே, தெம்னே மொழிகளில் பேசினார்கள். மன்சரே பிற்பாடு அந்நீதிமன்றத்தின் பதிவாளராகவே உயர்ந்தார். இந்தத் துறையில் இதைவிடச் சிறந்த முன்மாதிரியை நான் அறியேன்.

ஆனால் அந்த முன்மாதிரியும் ஓர் இடத்தில் முட்டி நின்றது. கிளர்ச்சிப் படைக்கு எதிராக ஊர்களைக் காத்தவர்கள் என்று தெற்கிலும் கிழக்கிலும் பலர் போற்றிய கமஜோர் என்னும் ஆயுதக் குழுவினரின் தலைவர், அப்போதைய உள்துறை அமைச்சர் சாம் ஹிங்கா நார்மன் கைதானபோது, “எங்களைக் காப்பாற்றியவரை ஏன் பிடித்தீர்கள்?” என்பதே அங்கே பெரிய கேள்வியாயிற்று. நியாயமான பக்கத்தில் நின்று போரிட்டவரும் போர்க்குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் பதில். சரியான பதில்தான், மனத்தைத் தொடவில்லை. 2007இல், தீர்ப்பு வருமுன்னே நார்மன் இறந்துபோனார். எத்தனை விளக்கக் கூட்டம் போட்டாலும் ஆறாத வருத்தம் அது. யார்மேல் வழக்குத் தொடுப்பது என்ற முடிவின் சுமையை விளக்கம் சொல்லப் போகிற பணியாளர் தலையில் ஏற்றுவது முறையல்ல. போதாக்குறைக்கு, அவர்களுடைய வேலைக்கு நீதிமன்றத்தின் அடிப்படை நிதியில் இடமில்லை. வெளி நன்கொடைகளை நம்பியே நடந்தது.

வடக்கு உகாண்டாவில் நிலைமை இன்னும் கடினம். ஜோசப் கோனியின் எல்.ஆர்.ஏ. என்னும் கிளர்ச்சிப் படையின் தலைவர்கள் ஐவர் மீதான பிடியாணைகளைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2005இல் வெளியிட்டது. அரசுப் படையினர் செய்த கொடுமைகளுக்கு ஏன் பிடியாணை இல்லை என்று அச்சோலி மக்கள் அன்றே கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அந்த ஐவரில் ஒருவரான டொமினிக் ஓங்வெனின் வழக்கு வந்ததும் வேறொரு கேள்வி சேர்ந்தது: சிறுவயதில் பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டவனை எந்த அளவுக்குக் குற்றவாளி என்பது?

2015இல் நீதிபதிகளே, குற்றச்சாட்டுகளை உறுதிசெய்யும் விசாரணையை உகாண்டாவில் நடத்தலாம் என்று பரிந்துரைத்தார்கள். நீதிமன்றத் தலைமை ஏற்கவில்லை. விசாரணை ஹேக்கிலேயே நடந்தது. லுகோடி, ஒடெக், பஜூலே, அபோக் போன்ற ஊர்களில் மக்கள் திரையில் பார்த்தார்கள். திரையிடல் வேண்டியதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரையைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியாது. பக்கத்தில் நிற்கும் பணியாளரிடம் கேட்கலாம். அவர் தெரிந்ததைச் சொல்வார், கூட்டம் கலையும். அடுத்த அறிக்கையில் எத்தனை கூட்டம், எத்தனை பேர் என்ற கணக்கு வரும். இந்தப் பணியின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது. ஊருக்குள் செய்தி போக வழி உண்டு. ஊரிலிருந்து கேள்வி மேலே ஏறி, முடிவெடுப்பவரின் பதிலோடு திரும்ப ஒழுங்கான வழி இல்லை.

நீதிபதிகள் ஊராரின் கோபத்துக்குத் தலையாட்டலாமா என்பார்கள். கூடாது, குற்றமா இல்லையா என்பதைச் சாட்சியம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் எங்கே அமர்வது, எந்த மொழியில் தீர்ப்பு கிடைப்பது, ஒரு தரப்பின்மேல் ஏன் வழக்கில்லை என்று வழக்குத் தொடுநரே நேரில் வந்து சொல்வது ஆகியவற்றுக்கும் சாட்சியத்துக்கும் தொடர்பில்லை. இவற்றில் மக்கள் சொல்வதைக் கேட்டால் நீதிக்கு ஒரு குறையும் வராது.

ஓங்வெனுக்கு 2021இல் 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இழப்பீட்டு ஆணை வந்தது: ஏறக்குறைய 50,000 பேர், அடையாளத் தொகையாக ஆளுக்கு 750 யூரோ, கூடவே மறுவாழ்வுத் திட்டங்கள். ஓங்வெனிடம் பணமில்லை, பாதிக்கப்பட்டோருக்கான நிதியம் நன்கொடை திரட்டித்தான் கொடுக்க வேண்டும். தாக்குதல்களைப் பொறுத்தவரை, வழக்கில் இடம்பெற்ற நான்கு இடம்பெயர்ந்தோர் முகாம்களின் மக்களுக்கே உரிமை. அதே போரில், அதே படையால் வேறு முகாமில் பிள்ளையை இழந்த தாய்க்கு இல்லை. அந்தத் தாயிடம் போய் இதைச் சொல்வது இப்போது மக்கள் தொடர்புப் பணியாளரின் வேலை. அவருடன் இழப்பீட்டை முடிவு செய்தவர்களில் ஒருவரேனும் அந்த ஊருக்குப் போக வேண்டும். அங்கே கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் எழுத்தில் பதிவாகி, அச்சோலி, லாங்கோ மொழிகளில் பதில் வர வேண்டும். அதற்கான செலவு நன்கொடையில் அல்ல, நீதிமன்றத்தின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.