எட்டுக் குமிழ், பத்து மைக்ரான்

எட்டுக் குமிழ் வைத்த சிவப்பு லெகோ கட்டை ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே மூன்று குழாய்கள் நிற்கும். அந்த மூன்று குழாய்களைப் பற்றி நான் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவேன். என் வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் பாதிப் பேர் வாசலோடு பேசி முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறவன். பிளாஸ்டிக் சாமான்களுக்கு மோல்டு செய்வது தொழில். படித்ததும் அங்கேயேதான், பிளாஸ்டிக் தொழில் சொல்லிக்கொடுக்கிற சிப்பெட்டில். பகலெல்லாம் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டிவிட்டு ராத்திரியும் பிளாஸ்டிக்கா என்று கேட்கிறார்கள். ஆமாம், ராத்திரியும் பிளாஸ்டிக்தான். ஆனால் எப்பேர்ப்பட்ட பிளாஸ்டிக்!

ஏபிஎஸ் என்கிற அந்தப் பிளாஸ்டிக்கைக் கிட்டத்தட்ட 230 டிகிரியில் உருக்கி மோல்டுக்குள் அழுத்தித் தள்ளுகிறார்கள். ஆறும்போது அது சுருங்கும். எங்கள் தொழிலின் தலைவலியே இந்தச் சுருக்கம்தான். ஏபிஎஸ் சுமாராக அரை சதவீதம் சுருங்கும் என்று வையுங்கள். எட்டுக் குமிழ் கட்டை ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் நீளம். அரை சதவீதம் என்றால் 0.16 மில்லிமீட்டர். லெகோ தன் மோல்டுகளுக்கு வைத்திருக்கிற அளவுப் பிழை 0.01 மில்லிமீட்டருக்குள், அதாவது பத்து மைக்ரான். பிழைக்கு விட்டிருக்கும் இடத்தைப்போலப் பதினாறு மடங்கு சுருங்கப் போகிற ஒரு பொருளை, எவ்வளவு சுருங்கும், எந்தப் பக்கம் சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு இரும்பில் வெட்டி வைத்திருக்கிறான் ஒருவன். அதுவும் ஒன்றிரண்டு அல்ல, கோடிக்கணக்கில் வந்து விழுகிற சாமானுக்கு. எனக்கு இதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு டிபன் பாக்ஸ் மூடிக்கு மோல்டு போட்டுப் பார்க்கட்டும்.

ஒருநாள் இரண்டு கட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒன்று புதுசு. இன்னொன்று பழைய வாளி ஒன்றோடு வந்த, இருபது வருஷமாவது ஆகியிருக்கக்கூடிய கட்டை. எங்கள் ஃபோர்மேன் ராயபுரத்துக்காரர், ரிட்டயர் ஆகும் வயசு, எதையும் லேசில் பாராட்டாதவர்.

“இன்னா தம்பி, பொம்மையெல்லாம் எடுத்தாந்துக்கீற?”

“ஒரே ஒரு தபா டயல் கேஜ்ல வெச்சுப் பாருங்க சார்.”

பழைய கட்டையை வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார். அதை எடுத்துவிட்டுப் புதுசை வைத்தார். எங்கள் கேஜில் ஒரு கோடு என்றால் பத்து மைக்ரான். முள் ஒரு கோடுகூட முழுசாக நகரவில்லை. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். திருப்பி வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எந்த ஊரு டை இது?” என்றார்.

“டென்மார்க் கம்பெனி சார்.”

“எவனோ, இதப் போட்டவன் கைக்கு மோதிரம் போடணும்.”

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை! சாயங்காலம் பேரனுக்கு என்ன செட் வாங்கலாம் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். பேரனுக்குத்தானாம்.

அந்தக் குழாய்களுக்கு வருகிறேன். டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற சின்ன ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்கிற தச்சர் 1932-இல் மர பொம்மை செய்ய ஆரம்பித்தார். 1940-களின் கடைசியில் பிளாஸ்டிக் கட்டைக்கு வந்தார்கள். அந்த யோசனை முழுக்கச் சொந்தமும் அல்ல. இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்பவர் செய்த கிட்டிகிராஃப்ட் கட்டைதான் முன்மாதிரி. 1949-இல் லெகோ விட்ட கட்டைகளுக்கு அடியில் வெறும் பள்ளம். ஒன்றன் மேல் ஒன்று உட்காரும், ஆனால் பிடிக்காது. தூக்கினால் கழன்று விழும். ஓலே கிர்க்கின் மகன் காட்ஃப்ரெட்தான் உள்ளே குழாய் வைக்கும் வழியைப் பிடித்தார். கீழே இருக்கும் கட்டையின் குமிழ், மேலே வரும் கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் இறுக்கமாக மாட்டிக்கொள்ளும். குழந்தை பிடுங்கினால் வர வேண்டும், தானாகக் கழலக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நூலிழை இடத்துக்குத்தான் அத்தனை மைக்ரான் கணக்கும். 1958 ஜனவரி 28-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அதே 1958-இல்தான் எங்கள் கிண்டி தொழிற்பேட்டையும் வந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் நான் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு பொருந்தும். 1958 கட்டை ஒன்று என் கையில் கிடைத்தால் சாமி அலமாரியில் வைத்துவிடுவேன். 1960-இல் அவர்களுடைய மர பொம்மைக் கிடங்கு எரிந்துபோக, மரத்தையே விட்டுவிட்டார்கள். 1963-இல் ஏபிஎஸ் வந்தது. அதற்கு முந்தைய செல்லுலோஸ் அசிடேட் நாளாவட்டத்தில் கோணிக்கொள்ளும்.

கணக்கில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். எட்டுக் குமிழ் கட்டை இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். ஆறு கட்டைகள்? 91,51,03,765 விதம். ஏறக்குறைய தொண்ணூற்றிரண்டு கோடி! முதலில் கம்பெனியே பத்துக் கோடியே சொச்சம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. சோரன் ஐலர்ஸ் என்கிற டேனிஷ் கணித அறிஞர் ஒழுங்காக எண்ணிச் சரிசெய்தார். சிறுவயதில் இப்படிச் சேர்த்து விளையாட எனக்குக் கிடைத்தது போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கும் மெக்கானிக்ஸ் செட். அதன் பச்சைத் தகடுகள் இன்னும் பிடிக்கும். ஆனால் இதில் ஸ்பேனரே வேண்டாமே!

பெரியவர்களுக்கென்றே 2020-இல் கறுப்பு டப்பாவில் 18+ என்று போட்டு விற்க ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த அனுமதி தேவைப்படவில்லை, அதற்கு முன்பே தொடங்கியாயிற்று. சாட்டர்ன் V ராக்கெட், 2017-இல் வந்தது, 1,969 துண்டுகள். மனிதன் நிலாவில் இறங்கிய வருஷம்தான் அந்த எண்! இப்படிக் குறும்பு செய்கிறவர்களை எப்படிப் பிடிக்காமல் போகும்? 2021-இல் ஒரு தட்டச்சு இயந்திரம் வந்தது. விசையைத் தட்டினால் நடுவிலிருந்து சுத்தி எழும்பி அடிக்கும், தட்டத் தட்ட மேலே வண்டி நகரும். அந்தக் காலத்தில் தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் பாஸ் செய்த என் அக்கா வந்தபோது எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து ‘ஏஎஸ்டிஎஃப்’ அடித்துப் பார்த்தாள். வழிகாட்டிப் புத்தகத்தில் கட்டும் முறைக்கு ஒரு வாசகம் கிடையாது, படம் மட்டும்தான். அக்காவின் மாமியாரும் படிக்கலாம். பைகளில் எண் போட்டிருக்கும், ஒன்றாம் எண்ணைப் பிரித்தால் மற்றதைத் தொடக் கூடாது. ஒவ்வொரு செட்டிலும் கடைசியில் குட்டித் துண்டுகள் சில மிஞ்சும். எடை வைத்துத்தான் பைகளைச் சரிபார்க்கிறார்கள். அத்தனை லேசான துண்டு ஒன்று குறைந்தால் எடையில் தெரியாது, அதனால் கூடவே ஒன்று போட்டுவிடுகிறார்கள். அந்த மிச்சங்களுக்கென்றே என்னிடம் ஒரு அஞ்சறைப்பெட்டி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மகுடம் தாஜ் மகால். 2008-இல் முதலில் வந்தபோது 5,922 துண்டுகள். 2017-இல் மறுபடி விட்டபோது 5,923. அந்த ஒரே ஒரு துண்டுக்காகச் சண்டை போடுகிற ஆட்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. எங்கள் வீட்டில் தாஜ் மகால் கொலுவில் உட்காரும். அம்மா வடக்கு மாட வீதியில் வாங்கிய தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை எல்லாம் படியில். கீழே தரையில் ‘பார்க்’ என் பொறுப்பு. கேழ்வரகு முளைக்க வைத்த புல்வெளி, அதற்கு நடுவில் தாஜ் மகால், முன்னால் கண்ணாடித் துண்டு வைத்த குளம். போன நவராத்திரிக்கு வந்த ஒரு மாமி சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே, “இத்தனையும் ஒட்டாமலா நிக்கறது?” என்று கேட்டார். ஒட்டவில்லை மாமி! அதற்குப் பின் மூன்று குழாய்ப் பிரசங்கம். பாவம், பாதியில் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். வருஷா வருஷம் பொம்மை வாங்கிச் சேர்த்து, படி கட்டி, ஊரைக் கூப்பிட்டுக் காட்டுகிற ஊரில் இருந்துகொண்டு, பெரிய ஆள் பொம்மை சேர்க்கிறான் என்று யாரும் கேலி பேச முடியாது.

விலையா? அழுகை வரும். இறக்குமதி பொம்மைகளின் சுங்க வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-ஆக்கினார்கள், 2023-இல் 70. கடைக்கு வரவேண்டுமென்றால் 2021-இலிருந்து ஐஎஸ்ஐ முத்திரையும் வேண்டும். கம்பெனியின் பெயர் தாங்கிய கடை இந்தியாவில் 2025-இல்தான் குருகிராமில் திறந்தது. நமக்கு வேளச்சேரி மாலில் பொம்மைக் கடை இருக்கிறது, மெட்ரோவில் கிண்டியில் ஏறி இறங்குகிற தூரத்தில் நண்பர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான்கள் இருக்கிறார்கள். விற்பனை நின்ற செட்டுகள் வருஷத்துக்குச் சராசரி பதினொரு சதவீதம் விலை ஏறுகின்றன என்று பொருளாதார ஆய்வுக் கட்டுரையே இருக்கிறது. டப்பாவைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைக்கிறவர்கள் அதைச் சொல்லிப் பெருமைப்படட்டும். பிரிக்காத டப்பா எனக்கு வெறும் அட்டை.

நம்ம ஊர் வெயிலில் ஒரு எச்சரிக்கை மட்டும். வெள்ளையும் நீலமும் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும், ஜன்னலோரம் வேண்டாம். கழுவினால் வெதுவெதுப்பான தண்ணீர், 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, கொஞ்சம் சோப்பு. மொட்டை மாடியில் வடாம் பக்கத்தில் காய வைக்காதீர்கள், நிழலில் துணி விரித்துப் பரப்புங்கள். சில வருஷங்களில் வந்த செம்பழுப்புத் துண்டுகள் லேசாக அழுத்தினாலே பிளக்கும். எங்கள் கூட்டத்தில் அந்த நிறத்தைக் கண்டாலே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது என் சாப்பாட்டு மேஜையில் இருப்பது கத்திப்பாரா மேம்பாலம். செட் கிடையாது, புத்தகம் கிடையாது, நானே கட்டுகிறேன். தினமும் அதன் மேல் போய் வருகிறவன், 2008-இல் திறந்ததிலிருந்து. ஜிஎஸ்டி சாலை, அண்ணா சாலை, பூந்தமல்லி சாலை, உள்வட்டச் சாலை நான்கும் வந்து சேர்ந்து, நாலு இதழாக வளைந்து பிரிந்து போகிற அந்த இடத்தை மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் லெகோவோ நேர்கோட்டுக்காரன், கத்திப்பாராவில் நேர்கோடே கிடையாது! முதலில் சரிவு. ஒரு ப்ளேட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர், குமிழுக்குக் குமிழ் தூரம் 8. எட்டுக் குமிழுக்கு ஒரு ப்ளேட் ஏற்றினால் இருபதுக்கு ஒன்று என்று சாலை ஏறும், கார் ஏறுகிற மாதிரியே இருக்கும். அடியில் பேருந்து போக 48 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். அப்படியானால் 960 மில்லிமீட்டர் நீளம் ஓட வேண்டும். அதை முக்கால் வட்டமாக வளைத்தால் ஒரு இதழ் நாற்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நாலு இதழ்! நாங்கள் இப்போது தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், மனைவிக்கு அது முதுகுக்கு நல்லதென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வளைவுக்குக் கீல் வைத்த ப்ளேட்டுகள், இடுக்குகளில் ஆப்பு வடிவத் துண்டுகள். ஓரச் சுவருக்குக் கட்டைகளைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டேன். இங்கேதான் அந்த டேனிஷ்காரர்களை மறுபடி கும்பிட வேண்டும். ஒரு கட்டையின் உயரம் 9.6. ஐந்து கட்டை அடுக்கினால் 48. ஆறு குமிழ் அகலமும் 48! நின்றாலும் படுத்தாலும் கச்சிதமாகச் சேர்ந்துவிடும். மெட்ரோ பாலத்துக்குச் சாம்பல் நிற வட்டத் தூண்கள். பழைய பல்லவன் பச்சையில் ஒரு பேருந்து. மஞ்சள் ஆட்டோ ஆறு குமிழ் நீளத்தில் வந்துவிட்டது, முன் சக்கரம் ஒன்றே ஒன்று என்பதால் அதற்கு மட்டும் ஒரு வாரக் கடைசி போயிற்று. கிண்டி தேசியப் பூங்காவை விட்டுவிட மனசு வரவில்லை, ஓரத்தில் கொஞ்சம் காடு. அதில் ஒரு வெளிமான். தேவதைக் கதைக் குதிரையின் நெற்றிக்கென்று முறுக்குக் கொம்பு ஒன்று செய்கிறார்களே, அதில் இரண்டைப் பொருத்தினேன். வெளிமானுக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் உட்கார்ந்தது. அன்று ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

மூன்று இதழ் முடிந்தது. நான்காவதுக்கு அடர்சாம்பல் ப்ளேட் போதவில்லை. முதல் மூன்றுக்கும் கைகொடுத்தது அடையாறில் ஒரு குடும்பம் அமெரிக்கா கிளம்பும்போது எனக்கு விற்ற ஒரு வாளிதான், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களாம். அடியில் ஒரு விண்வெளிக் கப்பலே உடைந்த நிலையில் கிடந்தது, அதன் இறக்கைகள்தான் இன்றைக்கு அண்ணா சாலை. ஆகவே மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் யாராவது வீடு காலி செய்கிறீர்கள் என்றால், பரணில் இருக்கும் பொம்மை வாளியைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுமுன் ஒருதரம் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். நான்கு குமிழ் அகலம், எட்டுக் குமிழ் நீளம், அடர்சாம்பல். முப்பது இருந்தால் போதும். லேசான கீறல் பரவாயில்லை, சாலைதானே.