ஒருநாள் முகாமும் தீவு சொல்லும் பாடமும்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுவைதீவுக்குப் போக, பண்ணைப் பாலம் கடந்து ஊர்காவற்றுறை இறங்குதுறை வரை பேருந்தில் போய், அங்கே படகு ஏறவேண்டும். சில நூறு பேர் வாழும் சின்னஞ்சிறு தீவு. கடுமையான வருத்தம் வந்தால், அவர்கள் இதே வழியால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வரவேண்டும். இத்தகைய தீவுகளுக்கு மருத்துவ மாணவர்கள் தொண்டர்களாகப் போவது நல்லதே. ஆனால் ஒருநாள் முகாமோடு அது முடிந்துவிட்டால், மாணவருக்கும் பாதிப் பாடம்தான். தீவுக்கும் பாதிப் பயன்தான்.

நோயாளரின் பக்கத்தில் நின்று மருத்துவம் கற்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாகப் பயிற்றினார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். வருத்தக்காரர் தமிழில் சொல்வதைத் தமிழிலேயே விளங்கிக்கொள்ளும் வைத்தியரே ஊருக்கு வேண்டும் என்பது அவர் கண்ட வழி.

தீவு எதைக் கற்பிக்கிறது? நீரிழிவுள்ள ஒரு மூதாட்டியின் வீட்டுத் திண்ணையை எண்ணிப் பார்ப்போம். கிளினிக் கொப்பியையும் குளுசைப் பையையும் அவர் மாணவியின் முன் வைக்கிறார். ‘காலை 1, இரவு 1’ என்று எழுதிய காகித உறைக்குள் பாதியாக உடைத்த குளுசைகள் கிடக்கின்றன. கார்த்திகைக் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அடுத்த கிளினிக் தவறிவிடும். அதுவரை கையிலுள்ளது காணவேண்டுமே என்று பாதி பாதியாகப் போடுகிறார். வாட்டில் இவரைக் கண்டால், ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள். திண்ணையில் இருந்து கேட்கும்போதுதான் அந்த வரிக்குப் பின்னால் ஒரு கடல் இருப்பது தெரிகிறது.

முகாமிலோ இந்தத் திண்ணைக்கு நேரம் இல்லை.

பாடசாலை மண்டபத்தில் வரிசை நீள்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள், மருந்து கொடுக்கிறார்கள். கடைசிப் படகுக்கு நேரமாகிவிடுகிறது. அழுத்தம் கூடியிருந்தவரை அடுத்த மாதம் யார் பார்ப்பது? ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடு புதியது சேர்ந்தால் யார் கவனிப்பது? மேற்பார்வைக்கு மூத்த வைத்தியர் இல்லாவிட்டால், ஏழையின் உடல் பயிற்சிப் பொருளாகிவிடும் ஆபத்தும் உண்டு. “மாணவர் பார்க்கலாமா?” என்று கேட்டு, மறுக்கும் உரிமையையும் நோயாளருக்குக் கொடுப்பதே முறை.

நோயாளரைச் சந்தித்தாலே பரிவு வளர்ந்துவிடும் என்பதும் சரியல்ல. அமெரிக்காவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மாணவர்கள் நோயாளரோடு நெருங்கிப் பழகத் தொடங்கும் மூன்றாம் ஆண்டில்தான் பரிவு குறைந்திருந்தது. அவசரமும் களைப்பும் மூடிய மனதில் எத்தனை முகங்களைக் கண்டாலும் எதுவும் பதியாது.

மாற்று வழி கண்முன்னே இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைக்கிறது. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களை ஏற்றுத் தொடர்ந்து சந்திக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. இரண்டிலும் மாணவருக்கு ஒரு வாசல் பழக்கமாகிறது.

1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்குத் தீவுகள் தொலைவில் இல்லை. தொண்டுக்குப் புறப்படும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு பெரிய முகாமை விட்டு, அதே வீடுகளுக்கு மூன்று தடவை போகட்டும். அதில் ஒன்று மாரிக்குச் சற்று முன்னராக இருக்கட்டும். கண்டதைக் கிளினிக் கொப்பியில் எழுதி, தீவின் வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டுப் படகு ஏறட்டும்.